வேட்பு மனு தள்ளுபடிக்கு ஓட்டுப்பதிவுக்கு முன்பே முறையீடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கூட்டுறவுச் சங்கத் தேர்தல் எப்போது வரும் என்று எங்கள் பக்கத்தில் மறுபடியும் பேச்சு கிளம்பியிருக்கிறது. 2018ல் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்களின் 5 ஆண்டு 2023ல் முடிந்துபோனது, அதற்கப்புறம் குழுவுக்குப் பதில் அரசு போட்ட செயலாட்சியர்தான் எல்லாவற்றுக்கும் கையெழுத்து. எல்லாரும் தேர்தல் தேதியைக் கேட்கிறார்கள், எனக்கோ வேட்பு மனுப் பரிசீலனை நாளை நினைத்துத்தான் கவலை. எங்கள் ஊர் மாதிரி ஊர்களில் சங்கத்தை யார் நடத்தப்போகிறார்கள் என்பது ஓட்டுப்பதிவு அன்று முடிவாவதில்லை. அதற்குச் சில நாள் முன்னால் சங்க அலுவலகத்துப் பலகையில் தகுதியான வேட்பாளர்கள் என்று ஒரு பட்டியல் ஒட்டுவார்கள், அங்கேயே முடிந்துவிடுகிறது.

நகரத்தில் இருக்கும் வாசகர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். தமிழ்நாட்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இருக்கின்றன. பயிர்க்கடன், நகைக்கடன், உரம், பல ஊர்களில் ரேஷன் கடையும் அந்தச் சங்கத்தின் கையில்தான். அரசு கடன் தள்ளுபடி அறிவித்தால் அந்தத் தள்ளுபடிப் பட்டியலும் சங்கத்துப் பதிவேட்டிலிருந்துதான் தயாராகிறது. 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி என்று அறிவித்தபோது, யார் பெயரில் எந்தத் தேதியில் எவ்வளவு கடன் என்று அந்தப் பதிவேடு சொன்னதுதான் கணக்கு. இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் நிர்வாகக் குழுவில் யார் உட்காருகிறார்கள் என்பது விவசாயிக்கு எம்.எல்.ஏ. யார் என்பதற்குச் சற்றும் குறையாத விஷயம். அதோடு, சங்கத் தலைவரை உறுப்பினர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, குழுவில் வந்தவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள், அப்படி வந்தவர்கள்தான் மேலே மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி வரைக்கும் போகிறார்கள். ஆக, அடியில் ஒரு மனுவைத் தள்ளினால் அதன் பலன் மேலே வரைக்கும் போகும்.

எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். குழுவில் 11 இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 பேர் மனு போடுகிறார்கள். பரிசீலனை முடிந்து பட்டியல் வரும்போது சரியாக 11 பெயர்கள் மிஞ்சியிருந்தால், ஓட்டுப்பெட்டிக்கே வேலை கிடையாது. போட்டியின்றித் தேர்வு என்று அறிவித்துவிட்டுக் கதவைச் சாத்திவிடலாம். கள்ள ஓட்டுக்கு ஆள் வேண்டும், பெட்டியை மாற்றுவதற்கும் ஆள் வேண்டும், பார்த்துவிடுவார்களே என்ற பயமும் உண்டு. மனுத் தள்ளுபடிக்கு ஒரு பேனா போதும். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் ஒதுக்கிய இடங்களில் இது இன்னும் சுலபம், அந்த இடங்களுக்கு மனுப் போடுபவர்களே குறைவு, ஒரே ஒரு அம்மாவின் மனுவைத் தள்ளினால் எதிரில் இருப்பவர் அப்படியே வந்துவிடுவார்.

2018ல் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சங்கங்களுக்குப் பல கட்டங்களாகத் தேர்தல் என்று அறிவித்தார்கள். மனு வாங்க மறுக்கிறார்கள், தேர்தல் அலுவலர் வரவே இல்லை, காரணம் சொல்லாமல் தள்ளிவிட்டார்கள் என்று மாவட்டத்துக்கு மாவட்டம் சாலை மறியல் நடந்ததை உங்கள் பத்திரிகைக்காரர்களே பார்த்திருப்பார்கள். அந்த ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது, அப்புறம் தேர்தல் தொடர்ந்து நடந்து முடிந்தது. அன்று ஆளுங்கட்சியாக இருந்தவர்கள் மேல் இன்னொரு தரப்பு குற்றம் சொன்னது. அதற்கு முன்னால் குற்றம் சொன்னவர்கள் வேறு தரப்பு. எந்தக் கட்சி வந்தாலும் இந்தப் பேனா ஒன்றுதான் என்பதால் இதை நான் கட்சிப் பிரச்சனையாக எழுதவில்லை.

எங்கள் சங்கத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பெயரெல்லாம் வேண்டாம். எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர், மரவள்ளியும் சின்ன வெங்காயமும் போடுகிறவர், 2018ல் மனுப் போட்டார். முன்மொழிந்தவர் அவர் மச்சான், வழிமொழிந்தவர் எங்கள் தெருக்காரர். தள்ளுபடிக்கு வாய்மொழியாகச் சொன்ன காரணம், வழிமொழிந்தவருக்கு நகைக்கடன் நிலுவை இருக்கிறது என்பது. அந்த நகையை அவர் முன்பே மீட்டுவிட்டார், ரசீதும் கையில் இருந்தது. ரசீதைக் காட்டியபோது, இன்றைய பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது, நான் பதிவேட்டைத்தான் பார்க்க முடியும் என்று தேர்தல் அலுவலர் சொன்னார். பதிவேட்டை எழுதுகிறவர் சங்கச் செயலாளர். அவரைக் கேட்டால், தேர்தல் அதிகாரி சொன்னால்தான் நான் எதையும் எடுத்துக் காட்ட முடியும் என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் சாயங்காலம் ஆகிவிட்டது, பலகையில் பட்டியல் ஒட்டியாகிவிட்டது. தள்ளுபடிக்கான காரணத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, பிறகு தபாலில் வரும் என்றார்கள். வரவில்லை.

சரி, சட்டத்தில் வழி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90-வது பிரிவில் தாவா, அதாவது வழக்கு, தொடரலாம். ஆனால் அதே பிரிவு, தேர்தல் சம்பந்தப்பட்ட தாவாவை முடிவு அறிவிக்கும் நாள் வரைக்கும் எடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அதாவது உங்கள் மனுவை அநியாயமாகத் தள்ளினால், உங்களைத் தள்ளிவிட்டவர்கள் ஜெயித்ததாக அறிவிக்கும் வரைக்கும் காத்திருந்து அப்புறம் போக வேண்டும். போகும் இடமும் கூட்டுறவுத் துறையின் பதிவாளர், நடைமுறையில் துணைப் பதிவாளர் அலுவலகம். தேர்தல் அலுவலராக வந்து மனுவைத் தள்ளியவர் பெரும்பாலும் அதே துறையின் சார்பதிவாளரோ முதுநிலை ஆய்வாளரோதான். தன் கீழ் வேலை பார்க்கும் ஊழியர் செய்தது தப்பு என்று அந்த அலுவலகமே எழுத வேண்டும். எழுதுகிறவர்கள் இல்லை என்று சொல்லமாட்டேன், நல்ல துணைப் பதிவாளர்களை நானே பார்த்திருக்கிறேன், ஆனால் ஒரு விவசாயியின் உரிமை அதிகாரியின் நல்ல மனசை நம்பி இருக்கக் கூடாது.

எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் தாவா போட்டார். வாய்தா மேல் வாய்தா. அதிகாரி மாறினார், ஆவணம் கேட்டுச் சங்கத்துக்கு எழுதியிருக்கிறோம் என்றார்கள், நடுவில் கொரோனா வந்தது. 2023ல் குழுவின் காலமே முடிந்துபோனது. இனி விசாரித்து என்ன ஆகப்போகிறது என்று அவர் கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. அவருக்குப் பதவி போனதுகூடப் பெரிதில்லை, நான் கடன்காரன் மாதிரி ஊரில் பெயர் ஆகிவிட்டதே என்று அவருக்கு வழிமொழிந்தவர் வருத்தப்பட்டாரே, அதுதான் எனக்கு ஆறவில்லை. சங்கத்தில் கடன் வாங்கித் திருப்பிக் கட்டுவதை மானமாக நினைக்கிற மனிதர் அவர்.

நேராக உயர் நீதிமன்றம் போனால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கும் ஒரு பழைய கதை உண்டு, அது எங்கள் நாமக்கல் கதை. நாட்டின் முதல் பொதுத் தேர்தலின்போது, 1951 நவம்பரில், நாமக்கல் தொகுதியில் சென்னை சட்டசபைக்குப் போட்டியிட என்.பி. பொன்னுசாமி என்பவர் போட்ட மனுவைத் தேர்தல் அதிகாரி நிராகரித்தார். அவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார், அங்கே முடியாது என்றதும் உச்ச நீதிமன்றம் போனார். 1952 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. தேர்தல் என்றால் ஓட்டுப்பதிவு மட்டும் இல்லை, அறிவிப்பிலிருந்து முடிவு வரைக்கும் எல்லாமே தேர்தல்தான், நடுவில் நீதிமன்றம் புகுந்து நிறுத்தக் கூடாது, குறை இருந்தால் தேர்தல் முடிந்த பின் தேர்தல் வழக்குப் போடு என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பைத்தான் இன்று வரைக்கும் எல்லாத் தேர்தல் வழக்கிலும் எடுத்துக் காட்டுகிறார்கள். 2001ல் மகாராஷ்டிரத்துப் பால் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதே வழியில், வாக்காளர் பட்டியல் தயாரிப்பதுகூடத் தேர்தலின் ஒரு பகுதி, நடுவில் வரக் கூடாது என்றது. அதனால் இன்று நம் சங்க உறுப்பினர் நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட்டால், 90-வது பிரிவு இருக்கிறதே, அங்கே போ என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். அந்தப் பிரிவுக்குப் போனால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

பொன்னுசாமி வழக்கின் நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு தடை உத்தரவு என்று ஆரம்பித்தால் எந்தத் தேர்தலும் நடக்காது. ஆனால் சட்டசபை, நாடாளுமன்றத் தேர்தலில் அந்தக் கதவைச் சாத்தியவர்கள் வேறு கதவுகளை நன்றாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 36-வது பிரிவு, முக்கியமில்லாத சின்னக் குறைக்காக மனுவைத் தள்ளக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. யாராவது ஆட்சேபம் சொன்னால் பதில் சொல்ல வேட்பாளருக்கு அவகாசம் கொடுக்கலாம் என்கிறது. தள்ளினால் காரணத்தைச் சுருக்கமாக எழுதி வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே 100-வது பிரிவு. ஒரு மனுவைத் தவறாகத் தள்ளியிருந்தால் அந்த ஒரு காரணத்துக்காகவே முழுத் தேர்தலும் செல்லாது, அதனால் முடிவு மாறியிருக்குமா என்றெல்லாம் நிரூபிக்க வேண்டியதில்லை. விசாரிப்பது உயர் நீதிமன்றம். அங்கே ஒரு தேர்தல் அதிகாரி மனுவைத் தள்ளக் கையெடுக்கும்போது இத்தனையும் அவர் மனதில் வரும். எங்கள் ஊர்ச் சங்கத்தில் தள்ளுகிறவருக்கு அப்படி எந்தப் பயமும் இல்லை.

மகாராஷ்டிரத்தைப் பாருங்கள். அங்கே கூட்டுறவுச் சட்டத்தில் 152-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. மனுவைத் தள்ளினால் 3 நாளுக்குள் பதிவாளரிடம் முறையீடு செய்யலாம், அவர் 10 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும், அந்த முடிவே கடைசி. வேட்பாளர் பட்டியலும் அதற்குக் கட்டுப்பட்டது. அங்கேயும் முறையீடு போவது துறையிடம்தான், அதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை, ஆனாலும் ஓட்டுப்பதிவுக்கு முன்னால் இன்னொரு ஆள் அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்க்கிறார். தேர்தலும் நிற்பதில்லை. இதை நம்மால் ஏன் செய்ய முடியாது? கூட்டுறவில் நாம் யாருக்கும் பிந்தியவர்கள் இல்லையே, 1904ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த அதே வருஷம் திருவள்ளூர் பக்கம் திரூரில் சங்கம் தொடங்கிய மாநிலம் இது.

மத்திய அரசுதான் செய்ய வேண்டும் என்றும் கை காட்ட முடியாது. கூட்டுறவுச் சங்கங்களுக்கென்று அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியைச் சேர்த்த 97-வது திருத்தம் வந்தபோது, இனி கூட்டுறவுத் தேர்தலுக்கு அரசியல் சட்டமே காவல் என்று நாங்களெல்லாம் சந்தோஷப்பட்டோம். 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மாநிலத்துக்குள் இயங்கும் சங்கங்களுக்கு அந்தப் பகுதி செல்லாது, பல மாநிலச் சங்கங்களுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டது. மாநிலத்தின் அதிகாரத்தில் கைவைக்கும்போது மாநிலச் சட்டசபைகளின் ஒப்புதல் வாங்கவில்லை என்பது காரணம். மாநில உரிமை என்ற வகையில் அது சரியான தீர்ப்பு. உரிமை நம்முடையது என்றால் பொறுப்பும் நம்முடையதுதான். 2022 ஜனவரியில் நிர்வாகக் குழுவின் காலத்தை 5 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகக் குறைக்க நம் சட்டசபை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. காலத்தைக் குறைக்க நேரம் இருந்தது, மனுப் பரிசீலனையைச் சரிசெய்ய இருக்கவில்லை.

நிலுவை என்ற காரணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதிகமாகப் பயன்படுவது அதுதான். வாங்கிய கடனைக் கட்டாதவர் சங்கத்தை நிர்வகிக்கக் கூடாது என்பதில் எனக்கு முழுச் சம்மதம், அந்த விதி இருக்க வேண்டும். ஆனால் யார் நிலுவைதாரர் என்பது தமிழ்நாட்டில் அவ்வளவு சுலபமான கேள்வி இல்லை. 2016 மே மாதம் சிறு, குறு விவசாயிகளுக்கு 5,780 கோடி ரூபாய் தள்ளுபடி என்றார்கள். 5 ஏக்கருக்கு மேல் உள்ளவர்களுக்கும் உண்டு என்று 2017 ஏப்ரலில் மதுரைக் கிளை சொன்னது, சில மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. அதே 2017ல் எல்லா மாவட்டமும் வறட்சி என்று அறிவிப்பு, பயிர்க்கடனை, கட்ட அதிக அவகாசம் கிடைக்கும் மத்தியகாலக் கடனாக மாற்றுவோம் என்றார்கள். மாற்றினார்களா, மாற்றியது பதிவேட்டில் ஏறியதா, கட்ட வேண்டுமா காத்திருக்க வேண்டுமா என்று குழம்பிப்போய் நின்றவர்கள் எங்கள் ஊரிலேயே நிறைய. அடுத்த வருஷமே சங்கத் தேர்தல் வந்தது. இப்படி இருக்கும்போது நிலுவையா இல்லையா என்று ஒருவர் ஒரு மத்தியானத்தில் பதிவேட்டைப் புரட்டிச் சொல்லிவிட முடியுமா? பதிவேடு பூட்டிய பீரோவில், சாவி சங்கத்துக்காரரிடம், மனுப் போடுகிறவர் வெளியில் வேப்பமரத்தடியில்.

தேர்தல் அலுவலர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே ஆளுக்குப் பல சங்கம், ஒரே நாளில் மனு வாங்கல், அடுத்த நாளே பரிசீலனை, சுற்றி நின்று சத்தம் போடும் கூட்டம், போலீஸ் பாதுகாப்பு ஒன்றோ இரண்டோ காவலர்கள். மேலேயிருந்து போன் வந்தால் எதிர்த்து நிற்க அவர்களுக்கு எந்தப் பிடிமானமும் இல்லை. காரணத்தை எழுதித்தான் ஆக வேண்டும், முறையீட்டில் வேறொருவர் அதைப் படிப்பார் என்று விதி இருந்தால், ஐயா, என்னால் எழுத முடியாது என்று அவரும் சொல்லலாமே. நேர்மையான அலுவலருக்கும் இது பாதுகாப்பு.

நான் கேட்பது பெரிய சட்டப் புரட்சி இல்லை. தேர்தல் அறிவிப்புக்கு ஒரு மாதம் முன்னாலேயே வாக்காளர் பட்டியலோடு நிலுவைதாரர் பட்டியலையும் சங்கத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டட்டும், அதில் தப்பு இருந்தால் சொல்ல அவகாசம் கொடுத்துத் திருத்தட்டும், ஒட்டிய பிறகு அதில் இல்லாத நிலுவையைக் காட்டி யார் மனுவையும் தள்ளக் கூடாது. மனு கொடுத்ததும் தேதியும் நேரமும் போட்ட ரசீது தர வேண்டும். இனிஷியல் விட்டுப்போனது, உறுப்பினர் எண்ணில் ஓர் இலக்கம் மாறியது மாதிரிக் குறைகளை அங்கேயே திருத்த விட வேண்டும். தள்ளினால் காரணம் எழுதிய நகல் அன்றைக்கே கையில் கிடைக்க வேண்டும். அப்புறம் முக்கியமானது, 2 அல்லது 3 நாளில் முறையீடு, ஒரு வாரத்தில் முடிவு, அதைக் கேட்பவர் கூட்டுறவுத் துறைக்கு வெளியே இருப்பவர். வருவாய்க் கோட்டாட்சியராக இருக்கலாம், இல்லாவிட்டால் மாவட்டத்துக்கு ஒரு ஓய்வுபெற்ற நீதித்துறை அதிகாரியைத் தேர்தல் காலத்துக்கு மட்டும் போடலாம். ஓட்டுப்பதிவுத் தேதியை இந்த ஒரு வாரத்துக்கு இடம் விட்டு வைத்தால் போதும், எந்தத் தேர்தலும் நிற்காது.

போட்டியின்றி வந்த சங்கங்களை மட்டும் தனியாகப் பார்க்கவும் ஒரு ஏற்பாடு வேண்டும் என்று நினைக்கிறேன். மனுப் போட்டவர்கள் அதிகம், மிஞ்சியவர்கள் குழு இடங்களின் எண்ணிக்கைக்குச் சரியாக இருக்கும் சங்கங்களில் மட்டும், தள்ளிய மனுக்கள் எல்லாவற்றையும் மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களின் தேர்தல் ஆணையம் தானாகவே வரவழைத்துப் பார்த்த பிறகுதான் முடிவு அறிவிக்க வேண்டும். ஊரே பேசி ஒத்துப்போய் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்த சங்கங்களும் இருக்கின்றன, அங்கே தள்ளிய மனுவே இருக்காது, ஒரு மணி நேர வேலை.

இதற்கெல்லாம் பெரும்பாலும் விதிகளில் திருத்தம் போதும் என்று எங்கள் ஊர் வக்கீல் சொல்கிறார், 90-வது பிரிவுக்கு மட்டும் சட்டசபைக்குப் போக வேண்டியிருக்கும். செயலாட்சியர்கள் இருக்கும் இந்தக் காலத்தில் செய்யாவிட்டால் தேர்தல் அறிவித்த பிறகு செய்ய முடியாது. அப்போது கேட்டால் தேர்தல் நடவடிக்கை ஆரம்பித்துவிட்டது என்பார்கள்.

ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். ஓட்டுப்பதிவு அன்று உங்கள் நிருபர்கள் வருகிறார்கள், மறியல் நடந்தால் படம் எடுக்கிறார்கள். அடுத்த முறை பரிசீலனை நாளன்று வரச் சொல்லுங்கள். தாலுகாவுக்கு ஒரு சங்கமாவது போய், எத்தனை மனு வந்தது, எத்தனை மிஞ்சியது, தள்ளியதற்கு என்ன காரணம் எழுதினார்கள் என்று மூன்றையும் கேட்டு மறுநாள் போடுங்கள்.

இப்படிக்கு,
கடன் சங்க உறுப்பினர் ஒருவர்,
ராசிபுரம் வட்டம், நாமக்கல் மாவட்டம்.